டாஃப் 66 வேரியோமேட்டிக்: வேக்குவம் எங்கே கசிகிறது என்று எப்படிப் பிடிப்பது?

சிவப்பு66:

வணக்கம். நெதர்லாந்தில் ஐண்ட்ஹோவனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். போன வருடம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடமிருந்து டாஃப் 66 ஒன்று வாங்கினேன். டாஃப் என்ற டச்சு நிறுவனத்தின் பழைய கார்; அதன் தானியங்கி கியர்பெட்டிக்குத்தான் வேரியோமேட்டிக் என்று பெயர், புல்லிகளும் ரப்பர் பெல்ட்களும் வைத்து வேலை செய்வது. 1974 மாடல், 1108 சிசி ரெனோ என்ஜின், சிவப்பு நிறம். அவருக்குக் கண் பார்வை குறைந்து இனி ஓட்டக்கூடாது என்று ஆனதும், தினமும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாயே, நீயே எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். அவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட வண்டி. பெல்ட் இரண்டும் ஜோடியாக மாற்றியிருந்தார், துரு அதிகம் இல்லை.

பிரச்சினை இந்த வசந்த காலத்தில் ஆரம்பித்தது. என்ஜின் சூடானதும் ஐட்லிங் சீராக நிற்பதில்லை, மிஸ்ஸிங் அடிப்பது போல ஆடுகிறது. சிக்னலில் பிரேக் மேல் கால் வைத்தால் இன்னும் மோசம், அணைந்துவிடும் போல இறங்குகிறது, காலை எடுத்தால் கொஞ்சம் ஏறுகிறது. அப்புறம் 80 கிலோமீட்டரில் போகும்போது என்ஜின் கத்துகிறது. முன்பு அந்த வேகத்தில் அமைதியாக இருக்கும், இப்போது கீழ் கியரிலேயே மாட்டிக்கொண்ட மாதிரி. வண்டியில் சுற்று காட்டும் மீட்டர் இல்லை, அதனால் பிளக் வயரில் மாட்டும் ஒரு சின்ன மீட்டர் வாங்கிப் பார்த்தேன், 80-ல் நிமிடத்துக்கு 3,800 சுற்று காட்டியது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கார்புரேட்டரைத் திறந்து சுத்தம் செய்து, ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றி, கலவையைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுத்தார்கள். அணைவது நின்றது. ஆனால் இப்போது சிக்னலில் பிரேக்கை விட்டால் வண்டி தானாக முன்னே நகர்கிறது, நியூட்ரலிலிருந்து முன்கியருக்குத் தள்ளும்போது கரகரவென்று பல் உரசும் சத்தம் வருகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை, எதையோ கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. புது கார்புரேட்டர் போடு என்கிறார் ஒருவர், மேனிஃபோல்ட் (கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குள் கலவை போகும் குழாய்) கேஸ்கெட் என்கிறார் இன்னொருவர். கேஸ்கெட் கசிந்தால் சுற்று மாறும் என்று அதன் ஓரத்தில் கிளீனர் அடித்துப் பார்த்தேன், ஐட்லிங்கில் மாற்றமே இல்லை.

என் கேள்வி இதுதான். கியர்பெட்டிக்கு என்ஜினிலிருந்து வேக்குவம், அதாவது என்ஜின் உறிஞ்சும் இழுப்பு, போகிறது என்று படித்தேன். பின்னால் இருக்கும் கியர்பெட்டியில் வேக்குவம் கசிந்தால் முன்னால் இருக்கும் என்ஜின் இப்படி ஆடுமா? ஆடும் என்றால் அந்தப் புல்லிகளைக் கழற்றாமல் எங்கே கசிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கழற்றத் தயார்தான், ஆனால் காரணம் தெரியாமல் கழற்ற மனம் வரவில்லை.


ரப்பர்பெல்ட்:

ஆடும். நீங்கள் சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் வேக்குவம் பக்கம்தான் கை காட்டுகிறது. முதலில் ஒரு வேண்டுகோள்: கார்புரேட்டர் ஸ்க்ரூவை இனி யாரையும் தொட விடாதீர்கள். லீக் இருக்கும்போது ஐட்லிங்கை ஏற்றினால் லீக் மறைந்துகொள்ளும், அதற்கான தண்டனையை கிளட்ச் அனுபவிக்கும். இந்த வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது, என்ஜின் சுற்று ஏறினால் தானாகப் பிடிக்கும் மையவிலக்கு கிளட்ச்தான். ஐட்லிங் கூடினால் நின்ற இடத்திலேயே அது அரைகுறையாகப் பிடிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் வண்டி நகர்கிறது, பல் உரசுகிறது. சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும்.

வேக்குவத்துக்கு அங்கே என்ன வேலை என்பது தெரிந்தால் தேடுவது சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முன்பக்க புல்லி ஒவ்வொன்றும் இரண்டு பாதி. ஒரு பாதி நகரும். அது நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், அதாவது உயர் கியர். விலகினால் பெல்ட் உள்ளே இறங்கும், கீழ் கியர். நெருக்கும் வேலையை முக்கியமாகச் செய்வது உள்ளே இருக்கும் எடைகள், சுற்று கூடக்கூட அவை விரிந்து தள்ளும். பின்பக்க புல்லியில் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். இது மட்டும் இருந்தால் வண்டி வேகத்தை மட்டுமே பார்த்து கியர் மாற்றும், ஓட்டுபவர் எவ்வளவு மிதிக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்தத்தான் வேக்குவம். டாஃபை நிறுவிய ஹூப் வான் டோர்ன் 1958-ல் டாஃப் 600-ல் காட்டிய அந்த ஏற்பாடு உங்கள் 66 வரைக்கும் அடிப்படையில் அப்படியேதான் வந்திருக்கிறது. ஒரு கணினியும் இல்லாமல் டயாஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வை வைத்து அந்த மனிதர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

முன்புல்லி ஒவ்வொன்றிலும் இரண்டு அறை உண்டு, வெளி அறை, உள் அறை. மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் கட்டுப்பாட்டு வால்வுக்கு வரும். அந்த வால்வு மின்காந்தத்தால் வேலை செய்வது. லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது அது வேக்குவத்தை வெளி அறைக்கு அனுப்பும், அது எடைகளோடு சேர்ந்து புல்லியை நெருக்கி உயர் கியருக்குக் கொண்டுபோகும், என்ஜின் அமைதியாகும். முக்கால் பங்குக்கு மேல் மிதித்தால் கார்புரேட்டரில் இருக்கும் சுவிட்ச் வேக்குவத்தை வெட்டிவிடும், கியர் இறங்கி இழுவை கிடைக்கும். பிரேக் மிதித்தால் பிரேக் விளக்கு சுவிட்சிலிருந்தே மின்சாரம் போய் வேக்குவத்தை உள் அறைக்குத் திருப்பும், கியர் இறங்கி என்ஜினும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். டேஷ்போர்டில் மலை இறக்கத்துக்கு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதுவும் இதையேதான் செய்கிறது.

இப்போது உங்கள் அறிகுறிகளைப் பாருங்கள். எப்போதும் ஐட்லிங் ஆடுகிறது என்றால் மேனிஃபோல்டுக்கும் வால்வுக்கும் நடுவில் அல்லது வால்விலேயே ஒரு கசிவு. பிரேக் மிதித்தால் மட்டும் கூடுதலாக ஆடுகிறது என்றால் உள் அறைப் பக்கம் இன்னொன்று. 80-ல் கத்துகிறது என்றால் வெளி அறைக்கு வேக்குவம் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஒரே இடமாகவும் இருக்கலாம், இரண்டு மூன்றாகவும் இருக்கலாம். ஐம்பது வருட ரப்பர், எதுவும் சாத்தியம்.

கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். ஹோஸைக் கிள்ளிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றும், மீட்டர் வைத்த கை வேக்குவம் பம்ப் ஒன்றும் வாங்குங்கள். என்ஜினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, கியர்பெட்டிக்குப் போகும் ஹோஸை மேனிஃபோல்டை விட்டு வெளியே வரும் இடத்திலேயே கிள்ளுங்கள். ஐட்லிங் உடனே சீரானால், அல்லது சுற்று மாறினால், கேஸ்கெட்டும் இல்லை கார்புரேட்டரும் இல்லை, கசிவு அந்த ஹோஸுக்கு அந்தப் பக்கம்தான். எந்த மாற்றமும் இல்லையென்றால் கியர்பெட்டியை மறந்துவிட்டு என்ஜினில் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை, இதைச் செய்யாமல் கார்புரேட்டரைத் திறந்ததுதான் எனக்கு வருத்தம். மாற்றம் தெரிந்தால் கிளாம்பை வால்வுக்கு அந்தப் பக்கம் நகர்த்துங்கள், மறுபடி பாருங்கள். பழைய ஹோஸ் மொறமொறவென்று இருந்தால் கிள்ளும்போதே வெடித்துவிடும், அப்படியானால் கழற்றி வாயை அடைத்துப் பாருங்கள்.

அப்புறம் என்ஜினை அணைத்துவிட்டு கை பம்ப். பின்னால் போகும் இரண்டு குழாய்களையும் வால்விலிருந்து கழற்றி ஒவ்வொன்றாக 400 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இழுத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் என்ஜின் ஐட்லிங்கில் 430 முதல் 530 வரை இழுக்கும், அதனால் 400 என்பது அந்த ரப்பருக்குப் பழக்கமான அளவுதான். முள் அப்படியே நின்றால் அந்தப் பக்கம் சுத்தம். மெதுவாக இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். ஏறவே ஏறாவிட்டால் பெரிய ஓட்டை. கசிவு இருக்கும் குழாய் பின்னால் இடது வலது என்று பிரியும் இடத்தில் ஒரு பக்கத்தை அடைத்து மறு பக்கத்தைப் பாருங்கள், எந்தப் புல்லி என்பது தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. கம்ப்ரஸர் காற்றை அந்தக் குழாய்களில் அடிக்காதீர்கள், டயாஃப்ரம் வெளிப்பக்கமாகப் புடைத்துக் கிழிந்துவிடும். பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து என்ஜினை ஓட விட்டால் முன் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள், உங்கள் ஐட்லிங் இருக்கும் உயரத்தில் பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், கை உள்ளே போகக்கூடாது.


கோவை டூவீலர்:

இந்த வண்டியை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் படிக்கப் படிக்க நம்ம ஆக்டிவா வேரியேட்டர் கண்முன்னே வருது. அங்கே எடைக்குப் பதிலா ரோலர், பின்னால் ஸ்பிரிங், மையவிலக்கு கிளட்ச் மட்டும் அங்கே பின்பக்கம். ஸ்கூட்டரில் வேக்குவம் கிடையாது, ஆக்சிலேட்டர் எவ்வளவு முறுக்கினோம் என்பது அதுக்குத் தெரியாது, சுற்றை வைத்துத்தான் எல்லாம். அதனால்தான் இந்த வேக்குவம் ஏற்பாடு எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன் அண்ணா. வேக்குவம் தேடும் முன்னாடி கரண்ட்டைப் பாருங்க. மேலே சொன்னபடி பார்த்தால் வால்வைத் திருப்புறது பிரேக் சுவிட்சும் கார்புரேட்டர் சுவிட்சும்தான். ஒர்க்‌ஷாப்காரங்க கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியிருக்காங்க. அந்த சுவிட்ச் இடம் மாறியிருந்தால்? முக்கால் மிதியில் வெட்ட வேண்டியதைக் கால் மிதியிலேயே வெட்டிட்டிருக்கும், 80-ல் கத்துவதுக்கு அதுவே போதும். ஹோஸ் எல்லாம் புதுசா மாத்தினாலும் அந்தக் கத்தல் போகாது. ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். சாவியைப் போட்டுட்டு என்ஜின் ஓடாமல், ஒருத்தரை மெதுவா மிதிக்கச் சொல்லுங்க, எந்த இடத்தில் விளக்கு மாறுதுன்னு பாருங்க. பிரேக் விளக்கு மிதி விட்டதும் அணையுதான்னும் பின்னால் போய்ப் பார்த்திடுங்க. எரிஞ்சுகிட்டே இருந்தால் வேக்குவம் எப்பவும் உள் அறைக்கே போயிட்டிருக்கும்.

இன்னொன்று, ரோலர் தேய்ந்தாலும் புல்லி நகரும் இடத்தில் அழுக்கு கட்டினாலும் ஸ்கூட்டரும் இப்படித்தான் உயர் கியருக்கு ஏறாமல் கத்தும். உங்க வண்டியிலும் நகரும் பாதி இறுகியிருக்கலாம். அதையும் மனசில் வைங்க.


சிவப்பு66:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை முழுவதும் வண்டிக்கு அடியில்தான் இருந்தேன், நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கோவை நண்பர் சொன்ன டெஸ்ட் லேம்ப். பிரேக் விளக்கு சரியாக எரிந்து சரியாக அணைகிறது. ஆனால் கார்புரேட்டர் சுவிட்ச்! மனைவி உள்ளே உட்கார்ந்து மெதுவாக மிதித்தார், மிதியை மூன்றில் ஒரு பங்குகூட அழுத்தவில்லை, அதற்குள் டக் என்று சத்தம் வந்து விளக்கு மாறிவிட்டது. சுவிட்ச் தாங்கியிருக்கும் தகடு தளர்ந்து சாய்ந்திருந்தது. கையேட்டைப் பார்த்துச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். உங்கள் ஊர் ஸ்கூட்டர் அனுபவம் இவ்வளவு தூரம் வந்து வேலை செய்திருக்கிறது.

அப்புறம் கிளாம்ப். மேனிஃபோல்ட் ஓரத்தில் கிள்ளியதும் ஐட்லிங் ஒரேயடியாக மாறிவிட்டது, ஆட்டம் நின்றது, சுற்று ஏறிவிட்டது. கிளாம்பை எடுத்தால் மறுபடி ஆட்டம். மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதேதான். என் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது, இரண்டு மாதமாக எல்லோரும் கார்புரேட்டர் என்று சொன்னார்கள். வால்வுக்கு அந்தப் பக்கம் கிள்ளினால் ஆட்டம் அப்படியே இருக்கிறது, அப்படியானால் நடுவில்தான். வால்வில் ஹோஸ் ஏறும் வளைவுக்கு அடிப்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில், விரலை வைத்து வளைத்தபோது ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருக்கிறது.

அந்த ஹோஸை மாற்றிவிட்டேன். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் போடாமல் வேக்குவத்துக்கான தடித்த சுவர் ஹோஸ்தான் போட்டேன். ஐட்லிங்கையும் கலவையையும் பழைய அளவுக்கு இறக்கினேன். இப்போது சிக்னலில் வண்டி நகர்வதில்லை, கியர் சத்தமில்லாமல் விழுகிறது. 80-ல் 2,900-க்குப் பக்கம் வருகிறது.

ஆனால் பிரேக் மிதித்தால் ஐட்லிங் இறங்குவது மட்டும் போகவில்லை. முன்பு அளவுக்கு இல்லை, அணைவதில்லை, ஆனால் இறங்குவது காதுக்குத் தெரிகிறது. அப்படியென்றால் உள் அறையில் கசிவு உறுதிதானா? வலது புல்லியா இடது புல்லியா என்று பார்க்க அடுத்த வாரம் அடியில் போகலாம் என்று இருக்கிறேன்.


லெஸ்டர்340:

தம்பி, அவசரப்பட வேண்டாம். நான் இங்கிலாந்தில் பல காலம் வோல்வோ 340 ஓடினவன், அதுவும் இதே குடும்பம்தான், டாஃப் கார் பிரிவை வோல்வோ எடுத்தபிறகு வந்தது, ரப்பர் பெல்ட் இரண்டு, வேக்குவமும் இருக்கிறது. இதே இடத்தில் நான் ஒருக்கால் ஏமாந்து வலது பக்கப் புல்லியைக் கழற்றிப் பூட்டினேன், ஒரு பிழையும் அதில் இருக்கவில்லை.

பிறேக் மிதிக்கும்போது இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்று, நண்பர் சொன்னமாதிரி வால்வு திரும்பி உள் அறைக்கு வேக்குவம் போகும். மற்றது, வாகனத்தில் பிறேக் சர்வோ (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுப்பது) பூட்டியிருந்தால் அதுவும் அதே மேனிஃபோல்டிலிருந்துதான் வேக்குவம் எடுக்கும். சர்வோவின் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலும் பிறேக் மிதிக்கும்போது ஐட்லிங் விழும். இரண்டும் ஒரே அறிகுறி. என்னுடையதில் கடைசியில் சர்வோதான் பிழை. அதற்குள் இரண்டு வார இறுதி போய்விட்டது.

பிரித்துப் பார்ப்பது சுகம். உங்களிடம் சர்வோ இருந்தால் அதன் ஹோஸைக் கிள்ளிவிட்டு, வாகனம் நின்ற இடத்திலேயே பிறேக்கை மிதித்துப் பாருங்கள். ஐட்லிங் விழாவிட்டால் சர்வோ. இன்னும் நல்ல வழி, டேஷ்போர்டில் இருக்கும் அந்த இறக்கத்துக்கான சுவிட்ச். பிறேக்கைத் தொடாமல் அதை மட்டும் போடுங்கள். அது வால்வைத் திருப்பும், சர்வோவைத் தொடாது. அதைப் போட்டும் ஐட்லிங் விழுந்தால் உள் அறைப் பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். சர்வோ ஹோஸைக் கிள்ளிக்கொண்டு ரோட்டில் ஓடவேண்டாம், சோதித்தவுடன் எடுத்துவிடுங்கள்.

340 வைத்திருக்கிற வேறு யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒன்று. கியர் மாற்றும்போது கிளட்சை விடுவிக்க எங்களுக்கு இன்னொரு வேக்குவம் சர்வோ இருக்கிறது. கியர் தடியைத் தொட்டவுடன் ஐட்லிங் விழுந்தால் அங்கே பாருங்கள், புல்லிக்குப் போக வேண்டாம். எந்த நேரத்தில் விழுகிறது என்பதை வைத்தே எது என்று பாதி சொல்லிவிடலாம்.


சிவப்பு66:

ஐயா, நல்ல வேளை எழுதினீர்கள், நான் புல்லி இழுக்கும் கருவி தேடிக்கொண்டிருந்தேன்.

இன்று மாலை சுவிட்சை மட்டும் போட்டுப் பார்த்தேன், பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஐட்லிங் இறங்குகிறது. போட்டு எடுத்து, போட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறுகிறது. ஆக உள் அறைப் பக்கம்தான். உறுதியாகிவிட்டதால் அப்படியே அடியில் போய் கை பம்பை மாட்டினேன். வெளி அறைப் பக்கம் 400-ல் வைத்தேன், பத்து நிமிடம் கழித்தும் முள் கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. உள் அறைப் பக்கம் 400 ஏறியதும் சில வினாடிகளில் பாதிக்கு இறங்கிவிட்டது. இடது புல்லிக்குப் போவதை அடைத்தாலும் அதே வேகத்தில் இறங்கியது. வலதை அடைத்தேன், நின்றுவிட்டது. வலது புல்லியின் உள் அறை.

வலது பக்கம் இருக்கும் சின்ன ரப்பர் குழாய்த் துண்டை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. அந்தத் துண்டைக் கழற்றியபோது உள்ளே விரலில் எண்ணெய் ஈரம் ஒட்டியது. இடது பக்கத்தில் காய்ந்து இருக்கிறது. இது டயாஃப்ரமா, சீலா? இரண்டுக்கும் புல்லியைக் கழற்றத்தான் வேண்டும், ஆனால் எதை வாங்கி வைத்துக்கொள்வது என்று தெரிந்தால் வண்டியை நாள் கணக்கில் தூக்கி வைக்க வேண்டியிருக்காது.


ரப்பர்பெல்ட்:

லெஸ்டர் ஐயா சொன்ன அந்த சுவிட்ச் யோசனை அருமை, நான் இத்தனை வருடமாக சர்வோ ஹோஸைக் கிள்ளித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் ஈரம் பெரிய துப்பு. டயாஃப்ரம் இருக்கும் அறையில் எண்ணெய்க்கு வேலை இல்லை. புல்லி சுற்றுகிறது, வேக்குவம் வரும் குழாய் சுற்றுவதில்லை, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சீல் உதடு உரசிக்கொண்டே இருக்க வேண்டும். உள் அறைப் பக்கத்தில் அந்த இடம் கியர் எண்ணெய் இருக்கும் பெட்டியை ஒட்டி இருக்கிறது. சீல் தேய்ந்தால் காற்றும் வரும், எண்ணெயும் வரும். நாள்பட்டால் எண்ணெய் குழாய் வழியே மேனிஃபோல்டுக்கே போய் நீலப் புகை வரும், சிலர் என்ஜின் போய்விட்டது என்று நினைத்து என்ஜினைப் பிரித்துவிடுவார்கள். அதைவிட மோசம், எண்ணெய் வெளியே சொட்டி பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும், அப்புறம் அந்த ஜோடியையே தூக்கி எறிய வேண்டியதுதான்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. கியர் நியூட்ரலில், என்ஜின் அணைத்து, வலது உள் அறையில் பம்பை மாட்டி 400 இழுங்கள். இன்னொருவர் வலது முன்புல்லியைக் கையால் மெதுவாகச் சுற்றட்டும். சுற்றும்போது முள் இறங்கும் வேகம் மாறினால், ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டால், அது சீல். சீல் உதட்டில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும் அல்லது தண்டில் தடம் விழுந்திருக்கும். எப்படிச் சுற்றினாலும் ஒரே வேகத்தில் இறங்கினால் டயாஃப்ரம் ஓட்டை என்று எடுத்துக்கொள்ளலாம், அது புல்லியோடு சேர்ந்தே சுற்றுவதால் நிலை மாறுவதில்லை. அதோடு கியர் எண்ணெய் அளவையும் பார்த்துவிடுங்கள், குறைந்திருந்தால் இன்னொரு சாட்சி.

கழற்றுவதற்கு முன்னால் நகரும் பாதிக்கும் நிலையான பாதிக்கும் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள், அவை சமன் செய்து அனுப்பப்பட்டவை, பழைய இடத்திலேயே சேர வேண்டும். பெல்ட்டையும் எந்தப் பக்கம், எந்தத் திசை என்று எழுதி வையுங்கள். புல்லி நகரும் இடத்தில் கையேடு சொல்லும் கிரீஸ் மட்டும், அதுவும் சொன்ன அளவு மட்டும். அதிகம் வைத்தால் அதுவும் பெல்ட்டுக்குத்தான் போய்ச் சேரும். ஒரு பக்கம் திறந்த பிறகு மறு பக்க சீலையும் மாற்றுவது நல்லது என்பது என் கருத்து, இரண்டும் ஒரே வயது. தண்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டினால் புது சீலும் சீக்கிரம் போய்விடும்.


சிவப்பு66:

சுற்றிப் பார்த்தேன். மகள் பம்பின் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள், நான் புல்லியைச் சுற்றினேன். ஓரிடத்தில் கிட்டத்தட்ட நிற்கிறது, அரைச் சுற்று திருப்பினால் விழுந்துவிடுகிறது, அடுத்த அரைச் சுற்றில் மறுபடி பிடிக்கிறது. நாலு சுற்றிலும் அதே இடம்தான், சாக்பீஸால் குறி போட்டு வைத்தோம். கியர் எண்ணெயும் குறைவாகத்தான் இருந்தது. ஆக சீல்.

டாஃப் கிளப் நெதர்லாந்து மூலமாக சீல் கிடைக்கும் என்று பெரியவர் சொன்னார், அவரே தொலைபேசியை எடுத்துப் பேசி இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லி வைத்துவிட்டார். வண்டியை விற்றுவிட்டாரே தவிர அதன் மேல் இருக்கும் அக்கறையை விடவில்லை. நேற்று வந்து கார்புரேட்டர் சுவிட்சை நான் வைத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு மயிரிழை பின்னே வை என்றார். வைத்தேன். 80-ல் இப்போது 2,800.

சீல் வரும் வரைக்கும் ஓட்டலாமா என்று அவரிடம் கேட்டேன், பெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் என்னிடம் பேசாதே என்றார். அதனால் வண்டி கராஜில் தூக்கி நிற்கிறது, வலது பெல்ட்டைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். திறந்ததும் தண்டு எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.


லெஸ்டர்340:

தம்பி, திறக்கும்போது பழைய சீலை எறிய வேண்டாம். எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள், உதடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது முக்கியம். மாறிப் பூட்டினால் வேக்குவத்தைத் தடுக்காது. எனக்கு அது நடந்தது.


சிவப்பு66:

எழுதி கராஜ் சுவரில் ஒட்டிவிட்டேன் ஐயா.